உடன்படிக்கையின் பெயரால்: மாவோரி உரிமை அரசியலின் ஆற்றலும் அதன் விலையும்

நியூசிலாந்தின் முதற்குடிகளான மாவோரியர் கடந்த அரை நூற்றாண்டில் வளர்த்தெடுத்த உரிமை அரசியலின் தனித்தன்மை, நிலம், மொழி, கல்வி என்று சிதறிக் கிடந்த மனக்குறைகளையெல்லாம் 1840 பிப்ரவரி 6 அன்று பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கை என்னும் ஒரே ஆவணத்தின்கீழ்க் கொண்டுவந்து, அவற்றைச் சிறுபான்மையினர் வேண்டும் சலுகைகளாக அல்லாமல், ஒப்பந்தத்தின் ஒரு தரப்புக்கு மறுதரப்பு செலுத்தவேண்டிய பாக்கியாக மாற்றிக் காட்டியதில் இருக்கிறது. இந்த மாற்றம் எளிதாக நிகழ்ந்ததன்று. 1877இல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் அந்த உடன்படிக்கைக்குச் சட்டமதிப்பு ஏதுமில்லை என்று தீர்ப்பளித்தார். அதற்கு முன்பே, 1863இல் போரின்போது இயற்றப்பட்ட பறிமுதல் சட்டம் வைக்காட்டோ பகுதியில் மட்டும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கரை விழுங்கியிருந்தது. 1865இல் நிறுவப்பட்ட நில நீதிமன்றம், குலத்துக்குப் பொதுவாயிருந்த நிலத்தைத் தனியாள் பெயரில் பட்டாவாக்கி, விற்பனைக்கு வழி திறந்துவிட்டது. போர் பறித்ததைக் காட்டிலும் பட்டா பறித்தது அதிகம்.

இந்த அரசியலின் முதல் வலிமை, தெருவையும் சட்டமன்றத்தையும் ஒன்றுக்கொன்று எதிரான வழிகளாகக் கருதாததாகும். 1975இல் எழுபத்தொன்பது வயதான ஃபீனா கூப்பரின் தலைமையில் வடமுனைச் சிற்றூரான தே ஹாப்புவாவிலிருந்து புறப்பட்ட நிலப் பேரணி, ஒரு மாதம் நடந்து தலைநகர் வெலிங்டனை அடைந்து, 60,000 பேர் கையொப்பமிட்ட மனுவை அளித்தது. அதே ஆண்டில், மாவோரி விவகார அமைச்சராயிருந்த மத்தியூ ராட்டாவின் முயற்சியால், உடன்படிக்கை மீறல்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் சட்டத்தின் வழியே உருவாயிற்று. தொடக்கத்தில் 1975க்குப் பிந்தைய மீறல்களை மட்டுமே விசாரிக்க இயன்ற அந்த அமைப்பு, 1985ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் 1840 வரை பின்னோக்கிப் போகும் அதிகாரம் பெற்றது. அந்த இடைவெளியில் ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயிண்ட் என்ற மேட்டுநிலத்தில் ஙாத்தி ஃபாத்துவா குலத்தார் 506 நாட்கள் குடியமர்ந்து போராடி, 1978 மே 25 அன்று 222 பேர் கைதாகி வெளியேற்றப்பட்டிருந்தனர். பின்னர் அதே நிலம் குறித்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு தொடுத்து வென்று, 1988இல் அதைத் திருப்பித் தர அரசை உடன்படச் செய்தனர். போராட்டத்தால் மட்டும் அந்த நிலம் திரும்பியிராது. போராட்டம் நடந்திராவிட்டால், பின்னோக்கிப் பார்க்கும் அதிகாரமே தீர்ப்பாயத்துக்கு வாய்த்திருக்குமா என்பதும் ஐயமே.

மொழித் துறையில் இந்த அணுகுமுறை இன்னும் நுட்பமாகச் செயல்பட்டது. 1972இல் ஙா தாமத்தோவா என்னும் இளைஞர் அமைப்பும் பிறரும் 30,000க்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்கக் கோரும் மனுவை நாடாளுமன்றத்தில் சேர்த்தனர். ஆனால் வகுப்பறைப் பாடமாக வைப்பதால் மட்டும் ஒரு மொழி வீட்டுக்குள் திரும்புவதில்லை. அதை உணர்ந்த மூத்தோர், மாவோரி விவகாரத் துறையின் துணையோடு 1982இல் ‘கோஹங்கா ரேயோ’ என்னும் மொழிக்கூடுகளைத் தொடங்கினர். பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளை, மொழி தெரிந்த பாட்டன் பாட்டிமாரின் பொறுப்பில், முழுநேரமும் மாவோரி மொழி ஒலிக்கும் சூழலில் வைப்பதே அவற்றின் முறை. அங்கே வளர்ந்த குழந்தைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் மொழியை இழப்பதைக் கண்ட பெற்றோர், 1985இல் மாவோரி மொழிவழி இயங்கும் ‘கூரா கௌப்பாப்பா’ பள்ளியைத் தாங்களே தொடங்கினர். அரசு அதைச் சட்டத்தில் ஏற்றது 1989இல்தான். இதற்கிடையே, உடன்படிக்கையின் மாவோரி வடிவம் காப்பதாக உறுதியளித்த அருஞ்செல்வங்களுள் மொழியும் ஒன்று என்று 1986இல் தீர்ப்பாயம் கூறியதும், மறு ஆண்டே மாவோரி மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது. முதலில் செய்துகாட்டி, பிறகு சட்டத்தை அதன் பின்னே வரச்செய்த இந்த வரிசையே மொழி இயக்கத்தின் வெற்றிக்கு அடிப்படை.

அதன் சரிவும் அந்த வரிசை தலைகீழானபோதுதான் தொடங்கியது. மொழிக்கூடுகள் கல்வி அமைச்சகத்தின் பொறுப்புக்கு மாறியபின், பிற மழலையர் கல்வி நிலையங்களுக்குரிய விதிமுறைகளும் மானியக் கணக்குகளும் அவற்றின்மீது சுமத்தப்பட்டன. சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்குக் கிடைத்த மதிப்பு, மொழியைத் தாய்ப்பாலோடு பெற்ற பாட்டிக்குக் கிடைக்கவில்லை. 1990களின் முற்பகுதியில் 14,000க்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்த இடத்தில் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தது. அரசின் கொள்கை மொழிக்கூடுகளுக்கு ஊறு செய்தது என்று 2012இல் தீர்ப்பாயமே குறிப்பிட நேர்ந்தது. 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவோரி மொழி பேச இயன்றோர் ஏறத்தாழ 2,13,000 பேர். இந்த எண்ணிக்கை வளர்ந்து வருவது உண்மையெனினும், மாவோரியரில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் அந்த மொழியில் உரையாட இயலாத நிலையே நீடிக்கிறது. ஆட்சிமொழித் தகுதி பெயர்ப்பலகைகளை மாற்றும். அடுப்படிப் பேச்சை மாற்றுவது வேறு வேலை.

நிலத் தீர்வுகளில் குறை இன்னும் ஆழமானது. தீர்ப்பாயத்தின் முடிவுகள் பெரும்பாலும் பரிந்துரைகளே; கட்டாயப்படுத்தும் அதிகாரம் சில அரசு வனநிலங்கள், அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்ட நிலங்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஆதலால் இறுதி இழப்பீடு, குலங்கள் அரசுடன் நேரடியாகப் பேசி முடிக்கும் உடன்பாடுகளின் வழியாகவே கிடைக்கிறது. 1995இல் வைக்காட்டோ-தைனுயி, 1998இல் தென்தீவின் ஙாய் தாஹு ஆகிய இரு குலங்களும் தலா 17 கோடி நியூசிலாந்து டாலர் பெற்றன; இழப்பின் மதிப்போடு ஒப்பிட்டால் இத்தகைய தொகைகள் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தொகையின் சிறுமையைக் காட்டிலும் அதனோடு வந்த நிபந்தனைகளே ஆராயத்தக்கவை. சிறு கிளைகளோடு தனித்தனியே பேசாமல் ‘பெரும் இயற்கைக் குழுக்கள்’ என்று அரசு வகுத்த அலகுகளோடு மட்டுமே பேசுவது, அந்தக் குழுவின் சார்பில் பேசுவோருக்கு ஆணையுரிமை உண்டென்று அரசே ஏற்பது, உடன்பாடு ஏற்பட்டபின் வரலாற்றுக் கோரிக்கைகள் முற்றும் முடிந்தனவாகக் கொள்வது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ‘ஹாப்பு’ எனப்படும் கிளைக்குழுவே 1840இல் அரசியல் அலகாக இருந்தது. ‘ஈவி’ எனப்படும் பெருங்குலம் இன்று பெற்றிருக்கும் நிர்வாக உருவத்தில் ஒரு பகுதி, பேச்சுவார்த்தை மேசையின் தேவைக்காக உருவானது. உரிமை கேட்கப் போனவர்கள், கேட்கும் தகுதி பெறுவதற்காகத் தங்கள் சமூக அமைப்பையே எதிராளியின் படிவத்துக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே இந்த முறையின் அடிப்படைக் குறை.

இந்தக் குறையை எலிசபெத் ராட்டா போன்ற ஆய்வாளர்கள் ‘புதுக்குல முதலாளியம்’ என்று பெயரிட்டுக் கண்டித்தனர். இழப்பீட்டுச் செல்வம் குலத்தின் மேல்தட்டினரிடம் தேங்குகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த வாதம் ஓரளவே பொருந்தும். ஙாய் தாஹு தன் சொத்து மதிப்பை 200 கோடி டாலருக்கு மேல் வளர்த்து, அதன் வருவாயிலிருந்து கல்வி உதவி, மொழிப் பயிற்சி, உறுப்பினர் சேமிப்புத் திட்டம் முதலியவற்றை நடத்துவதைக் கணக்கில் கொள்ளாமல், எல்லாவற்றையும் மேல்தட்டினரின் கொள்ளையாகக் காண்பது நியாயமன்று. எனினும் மாவோரியரில் மிகப் பெரும்பாலோர் நகரவாசிகள் என்பதையும், தம் குலத் தொடர்பை இழந்தோர் அவர்களுள் பலர் என்பதையும் எண்ணும்போது, குலத்தின் வாயிலாக மட்டுமே செல்லும் இழப்பீடு யாரைச் சென்றடையவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. மேற்கு ஆக்லாந்தின் நகர்ப்புற மாவோரி அமைப்பான வைப்பரேய்ரா, குலமல்லாத அமைப்பும் உடன்படிக்கையின் பாதுகாப்புக்கு உரியதே என்ற ஏற்பை 1998இல் தீர்ப்பாயத்திடம் பெற்றபோதிலும், உடன்படிக்கைத் தீர்வாக மாவோரியருக்குக் கிடைத்த மீன்வள உடைமைகளின் பங்கீட்டில் குலங்களின் பிடி தளரவில்லை.

ஆக்லாந்து விமான நிலையத்துக்கு அருகிலுள்ள இஹுமாத்தாவோ இந்த முரண்களையெல்லாம் ஒரே இடத்தில் காட்டியது. 1863இல் பறிமுதலாகித் தனியாரிடம் சென்ற அந்த நிலத்தைத் தீர்ப்பாயத்தின் வழியே மீட்க இயலாது. ஏனெனில் தனியார் நிலத்தைத் திருப்பித் தருமாறு பரிந்துரைக்கும் அதிகாரத்தை 1993ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. குலத்தின் ஆணையுரிமை பெற்ற அமைப்பு வீடுகட்டும் நிறுவனத்தோடு சமரசம் செய்துகொள்ள, அந்த ஊரின் இளைஞர்கள் பானியா நியூட்டனின் தலைமையில் அதை மறுத்து நிலத்தில் அமர்ந்தனர். 2019 ஜூலையில் வெளியேற்ற ஆணை வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 2020இல் அரசு அந்த நிலத்தை 2.99 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் உடன்படிக்கைத் தீர்வாக அன்று, வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ். முடிந்துபோன தீர்வுகளை மீண்டும் திறக்கும் முன்னுதாரணம் எதையும் உருவாக்காமலிருக்க அரசு எடுத்துக்கொண்ட கவனம் இதில் வெளிப்படை.

நாடாளுமன்றமே உச்ச அதிகாரம் உடையது, எழுதப்பட்ட தனி அரசியலமைப்பு இல்லை என்னும் நிலையில், இதுவரை பெற்ற எதுவும் சாதாரணப் பெரும்பான்மையால் திரும்பப் பெறத்தக்கதே. 2003இல் கடற்கரை, கடற்படுகை ஆகியவற்றின் மீதான மரபுரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும், மறு ஆண்டே அந்த வழியை நாடாளுமன்றம் சட்டத்தால் அடைத்துவிட்டது. 1987இல் நீதிபதிகள் ‘உடன்படிக்கைக் கோட்பாடுகள்’ என்ற பெயரில் கட்டியெழுப்பிய கூட்டாண்மைக் கருத்தை மறுவரையறை செய்ய 2024இல் ஒரு மசோதா வந்தபோது, நவம்பரில் தலைநகரில் திரண்டோர் ஏறத்தாழ 42,000 பேர் என்று காவல்துறை மதிப்பிட்டது. 2025 ஏப்ரல் 10 அன்று 112க்கு 11 என்ற வாக்குகளில் அது தோற்றது. அந்தத் திரட்சி வியக்கத்தக்கது. ஆனாலும் அது எதையும் புதிதாகப் பெற்றுத் தரவில்லை, இருந்ததைக் காத்தது.

இந்த நிலையற்ற தன்மைக்கு மாற்றாக, மோவானா ஜாக்சன், மார்கரெட் முட்டு ஆகியோர் முன்னின்று, 252 கூட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு 2016இல் வெளியிட்ட மத்திகே மாய் அறிக்கை, உடன்படிக்கையின் இரு தரப்பும் தத்தம் தளங்களில் ஆளவும் பொதுத் தளத்தில் கூடி முடிவெடுக்கவும் இடமளிக்கும் புதிய அரசியலமைப்பை 2040ஐ இலக்காக வைத்து முன்மொழிந்தது. ஆறு மாதிரி வடிவங்களைத் தரும் அந்த அறிக்கையின் துணிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் மாவோரித் தளத்தில் அமர்வது குலமா, கிளைக்குழுவா, நகர அமைப்பா என்ற பிணக்கு அங்கும் தீர்ந்துவிடவில்லை. உறுப்பினர் எண்ணிக்கையில் மிகப் பெரிய குலமான ஙாப்புஹி, 1840இல் தங்கள் தலைவர்கள் இறைமையைக் கைவிடவில்லை என்ற தீர்ப்பாயத்தின் கண்டறிதலை 2014இலேயே பெற்றிருந்தும், தன் சார்பில் பேசுவது யார் என்பதில் ஒன்றுபடாமையால் வரலாற்றுக் கோரிக்கைகளை முடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் காரணம் அதே பிணக்குதான்.