முரட்டு மீன் ஆளும் தொட்டியில் புது மீன்

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளை ஒட்டி வாழும் சிக்லிட் மீன்களுக்கு மபுனா என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை பாறைமேல் படரும் பாசியைக் கொறித்து வாழ்பவை. அதனால் ஒரு பாறையைத் தனதாக்கிக் காப்பது இவற்றின் பிழைப்போடு சேர்ந்த குணம். மஞ்சள் உடலில் கரும்பட்டைகள் ஓடும் ஆரட்டஸ் இக்கூட்டத்தில் பேர்போன முரடு. ஏரியில் தோற்ற மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். சண்டை அத்தோடு தீரும். நான்கடித் தொட்டியில் ஓட இடமில்லை. புதிதாக வந்த மீன் வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, நீர்மட்டத்தை ஒட்டிய மூலையில் ஒடுங்கி நிற்கும். சில நாளில் செத்தும் போகும்.

இதைத் தவிர்க்க மீன் வளர்ப்போர் கையாளும் வழிகளில் முதன்மையானது, புது மீனை விடுமுன் தொட்டியின் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்குவது. இடத்துக்கு முன்பே உரிமை கொண்ட மீன்தான் பெரும்பாலான மோதல்களில் வெல்கிறது. அடையாளங்கள் கலைந்ததும் அந்த முன்னுரிமையும் கலைகிறது. பழைய மீனும் புது மீனும் ஒரே நேரத்தில் இடம் தேடுகின்றன. செலவில்லாத, மீனின் இயல்பை அறிந்து செய்யும் வழி இது. ஆனால் புது எல்லைகள் விரைவிலேயே வகுக்கப்பட்டுவிடும். அதற்குள் புது மீனுக்கு ஒரு பொந்தாவது கிடைத்திருக்க வேண்டும். கற்கள் குறைவான தொட்டியில் இதனால் பயனில்லை.

முரட்டு மீனையே சில நாள் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுப் புது மீனைக் குடியமர்த்துவது இதனினும் வலுவானது. திரும்பி வரும் முரடன்தான் அப்போது அயலான். இரண்டாவது தொட்டியும் ஃபில்டரும் வேண்டும் என்பதால் பலர் இதைச் செய்வதில்லை.

நடுவில் கண்ணாடியோ வலையோ தடுப்பாக வைத்துப் பழக்குவது பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. அறிமுகமான அண்டை மீனைவிட அயல் மீனையே எல்லை காக்கும் மீன்கள் கடுமையாகத் தாக்குகின்றன என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. தடுப்பு முறை அதை நம்பி நிற்கிறது. அடிபடாமல் இரு மீன்களின் போக்கையும் கவனிக்க முடிவது இதன் உண்மையான பலம். குறையும் அங்கேயே இருக்கிறது. எதிரியை நாளெல்லாம் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, ஒளிய இடமின்றி நிற்கும் மீன் அஞ்சியே நலியும். இரை எடுக்காது, நோய் எதிர்ப்பாற்றல் குறையும், வெண்புள்ளி நோய் எளிதில் தொற்றும். தடுப்பின் இருபுறமும் மறைவிடம் இல்லையென்றால் இந்த முறை வதையாகவே முடியும். மேலும், தடுப்புக்கு அப்பால் காட்டிய அமைதி அதை எடுத்த பிறகும் நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

விளக்கை அணைப்பதும், வயிறு நிறைய இரை போட்டுவிட்டுப் புது மீனை விடுவதும் சில மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பதில் பல மீன்களைச் சேர்த்து விட்டால் அடி பகிர்ந்துபோகும். மபுனாவில் இது நன்றாகப் பலிக்கிறது. ஆனால் கூட்டம் கூடக் கூட அமோனியாவும் நைட்ரேட்டும் ஏறும். வலுவான ஃபில்டரும் தவறாத நீர்மாற்றமும் இல்லாவிட்டால் சண்டைக்குத் தப்பிய மீன் நீர்க்கேட்டில் சாகும்.

இத்தனை வழிகளைப் பேசுவோர் மீன் தேர்வைப் பற்றிக் குறைவாகவே பேசுவது வருந்தத்தக்கது. விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு பற்றிய நூலில், பவளப்பாறை மீன்கள் தம் இனத்தையே மிகக் கடுமையாகத் தாக்குவதை விரிவாக எழுதினார். சிக்லிட்களிலும் ஒத்த நிறமும் ஒத்த உருவமும் கொண்ட மீனுக்கே அடி அதிகம். ஆணுக்கு ஆண் சேர்ந்தால் இன்னும் மோசம். நிறத்திலும் வாழிடத்திலும் வேறுபட்ட, ஏறத்தாழ ஒரே அளவுள்ள மீனைத் தேர்ந்தால் பாதிச் சிக்கல் கடையிலேயே தீர்ந்துவிடும். வாங்கிய மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைப்பதும் அதே அளவு முக்கியம். நோயும் வெளிப்படும், மீனும் தேறும்.

எந்த முறைக்கும் மசியாத மீன்களும் உண்டு. மலேசியாவில் 1990களில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்ன் அப்படிப்பட்டது. வளர்ந்த ஃப்ளவர்ஹார்ன் இருக்கும் வீட்டுத் தொட்டியில் துணைக்கு மீன் விடாமல் இருப்பதே இரண்டுக்கும் நல்லது.