அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு பெயின்ட் அடித்தார்கள். கான்ட்ராக்டர் நல்ல வேலைக்காரர். ரேட்டும் நியாயம்தான். ஆறு மாதம் கழித்து ஒரு விஷயம் கசிந்தது. அந்த கான்ட்ராக்டர், எங்கள் அசோசியேஷன் பொருளாளரின் மைத்துனராம்!

மீட்டிங்கில் ஒரே களேபரம். ‘நான் ஒரு பைசா எடுத்திருப்பேனா சார்?’ என்று கண்கலங்கினார் பொருளாளர். உண்மைதான், எடுக்கவில்லை. முதல் மாடிப் பெரியவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்... ‘அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி?’

பதில் இல்லை.

1998-ல் பிரிட்டன் மக்கள் தங்கள் அமைச்சர் ஒருவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர் பெயர் பீட்டர் மாண்டல்சன். பிரதமர் டோனி பிளேருக்கு ரொம்ப நெருக்கம். 18 வருடம் எதிர்க்கட்சியாகவே இருந்த தொழிற்கட்சியை 1997-ல் கோட்டையில் ஏற்றிய மூளைகளில் ஒன்று அவருடையது.

1996-ல், வெறும் எம்.பி.யாக இருந்தபோது, லண்டன் நாட்டிங்ஹில் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். விலை 4,75,000 பவுண்டு. அதில் 3,73,000 பவுண்டைக் கடனாகக் கொடுத்தவர், சக எம்.பி.யும் கோடீஸ்வரருமான ஜெஃப்ரி ராபின்சன்.

நண்பருக்கு நண்பர் கடன் கொடுத்தால் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. வட்டியோடு திருப்பித் தருவதாகத்தான் ஏற்பாடு.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பம். ஆட்சி வந்ததும் ராபின்சன் நிதித்துறையில் அமைச்சரானார். 1998 ஜூலையில் மாண்டல்சன் வர்த்தகம், தொழில்துறைக்கு அமைச்சரானார். அந்தத் துறைதான் ராபின்சனின் பழைய வியாபார விவகாரங்களைத் துருவியது. புரிகிறதா? விசாரிக்கப்படுகிறவர், கடன் கொடுத்தவர். விசாரிக்கிற துறைக்குத் தலைவர், கடன் வாங்கியவர்!

அந்த விசாரணையில் தான் தலையிடவே இல்லை என்றார் மாண்டல்சன். இருக்கட்டும், நம்புவோம். ஆனால், கடன் விஷயத்தைத் தன் துறைச் செயலாளரிடம்கூட அவர் சொல்லவில்லை. எல்லாம் வெளியே வரப்போகிறது என்ற நிலையில், அந்த டிசம்பரில்தான் வாய் திறந்தார். பிரதமருக்கே அப்போதுதான் தெரியும். டிசம்பர் 23 அன்று கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேரும் ராஜினாமா!

நான் பி.காம். படித்த காலத்தில்தான் ‘அக்கவுன்ட்டிங் ஸ்டாண்டர்டு 18’ நம் நாட்டில் புதிதாக அமலுக்கு வந்திருந்தது. கம்பெனிக்கும் அதை நடத்துபவர்களின் உறவுக்காரர்களுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றியது. மச்சானிடம் சரக்கு வாங்காதே என்று அது சொல்லவில்லை. தாராளமாக வாங்கு, ஆனால் கணக்கில் காட்டு என்கிறது. அவ்வளவுதான். விலை நியாயமா என்று படிப்பவர்கள் தீர்மானித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால்? தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம்.

பிளேர் அரசு 1997-ல் வெளியிட்ட அமைச்சர்களுக்கான விதிமுறையும் இதையே சொன்னது. சொந்த நலனும் பதவியின் கடமையும் மோதக்கூடாது... மோதுவதாகத் தோன்றவும் கூடாது! ‘நான் எதுவும் செய்யவில்லையே’ என்ற சமாதானம் அந்த இரண்டாவது பாதிக்கு முன்னால் நிற்காது.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1994-ல் கன்சர்வேடிவ் ஆட்சியின் இணையமைச்சர் டிம் ஸ்மித், ஹாரட்ஸ் கடை முதலாளி முகமது அல் ஃபாயத்திடம் வாங்கிய பணத்தை உரிய நேரத்தில் பதிவேட்டில் காட்டவில்லை என்று பதவி விலகினார். நாடே கொதித்தது. பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு நோலன் கமிட்டி ஏழு நெறிகளை வகுத்தது. வெளிப்படைத்தன்மை அதில் ஒன்று. அந்தக் கொதிப்பையும் ஓட்டாக அறுவடை செய்துதான் தொழிற்கட்சி ஜெயித்தது. ‘நாங்கள் வேற மாதிரி’ என்று சொல்லி வந்தவர்கள், 20 மாதத்துக்குள் அதே பாட்டைப் பாடினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ‘எல்லாரும் ஒண்ணுதான்பா!’

இந்த ஒரு வாக்கியம்தான் ஜனநாயகத்துக்கு விஷம். நிஜத் திருடனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. எல்லோரும் ஒன்று என்று ஆனபிறகு அவனை மட்டும் யார் தேடப்போகிறார்கள்?

ராஜினாமா செய்தாரே, போதாதா? போதாது. பத்தே மாதத்தில், 1999 அக்டோபரில், வட அயர்லாந்து அமைச்சராகத் திரும்பிவந்தார் மாண்டல்சன். 2001-ல் இந்துஜா சகோதரர்களில் ஒருவரின் பாஸ்போர்ட் விவகாரத்தில் மறுபடி ராஜினாமா. அதில் அவர் முறைகேடு செய்யவில்லை என்று விசாரணை சொன்னது. அதையும் சொல்வதுதான் நியாயம். 2008-ல் மூன்றாம் முறை அமைச்சர். 2025-ல் அமெரிக்கத் தூதர். அதே செப்டம்பரில் டிஸ்மிஸ்! பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு அவருக்கு இருந்த நட்பின் ஆழம், நியமிக்கும்போது தெரிந்ததைவிட அதிகம் என்று காரணம் சொன்னது அரசு. இத்தனை வருடம் கழித்தும் அதே பெரியவரின் கேள்விதான்!

கட்சி மாறினாலும் கதை மாறவில்லை. 2022-ல் கன்சர்வேடிவ் நிதியமைச்சரான நதீம் ஸஹாவி, தன்னை வரித்துறையே விசாரித்துக்கொண்டிருப்பதை முறைப்படி தெரிவிக்கவில்லை. 2023 ஜனவரியில் பதவி போனது. இத்தனைக்கும் அமைச்சர்களின் சொந்த நலன்களைக் கவனிப்பதற்கென்றே 2006 முதல் அங்கே தனி ஆலோசகர் உண்டு. விதி இருக்கிறது, ஆள் இருக்கிறது. வாயைத் திறக்கவேண்டியது அமைச்சர்தானே!

எங்கள் பொருளாளர் அந்த மீட்டிங்கிலேயே பதவியை விட்டார். புதிதாக வந்தவர் பரம யோக்கியர். பாவம், முப்பது ரூபாய்க்கு பல்பு வாங்கினால்கூட மூன்று பேர் அந்த பில்லை வாங்கிப் பார்க்கிறார்கள்!