சர்வர் மாறியது, பாட்டுகள் எங்கே?

வாடகை வீடு மாற்றிய அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. சாமான்களும் வண்டியில் வந்திறங்கிவிட்டன. ஆனாலும் பழைய வீட்டுச் சாவியை அன்றே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. மறுநாள் ஒருவர் போய்ப் பரணையும் கொல்லைப்புறத்தையும் பார்த்து வந்த பிறகுதான் சாவி கைமாறும். இந்தச் சாதாரண எச்சரிக்கைகூட இல்லாமல், கோடிக்கணக்கான பாட்டுகளை ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய நிறுவனம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் மைஸ்பேஸ் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இசைக் கலைஞர்கள் தங்கள் பாட்டுகளை அதன் சர்வரில் வைத்தால், உலகில் எவரும் இணையத்தின் வழியே அவற்றைக் கேட்கலாம். (சர்வர் என்றதும் ஓட்டல் நினைவுக்கு வந்தால் தவறில்லை; கேட்டவர்க்குக் கேட்ட தகவலை எடுத்துப் பரிமாறும் கணிப்பொறிக்கும் அதே பெயர்தான்.) இசைத்தட்டுக் கம்பெனிகளின் வாசலை மிதிக்க வசதியில்லாத எத்தனையோ இளைஞர்கள், வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து அங்கே ஏற்றினார்கள். 2005-இல் இந்த நிறுவனம் 58 கோடி டாலருக்கு விலைபோயிற்று. 2011-இல் மீண்டும் விற்கப்பட்டபோது கிடைத்த விலை சுமார் மூன்றரைக் கோடி டாலர். கூட்டம் கலைந்துவிட்டது, பாட்டுகள் மட்டும் அங்கேயே இருந்தன.

2019 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் அறிவிப்பு ஒன்று உலகின் கவனத்துக்கு வந்தது. சர்வர் மாற்றும் பணியின் விளைவாக, மூன்றாண்டுகளுக்கு முன் ஏற்றப்பட்ட படங்களும் ஒலிப்பதிவுகளும் இனிக் கிடைக்காமல் போகலாம், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்பது அதன் சாரம். 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்டவை போய்விட்டன. சுமார் 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் என்று அன்றைய செய்திகள் கணக்கிட்டன.

இந்த அறிவிப்பைத்தான் நாம் இங்கே விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். பெரிய இழப்பு நேர்ந்துவிட்ட பிறகு நம் கையில் மிஞ்சுவது, இழந்தவர் தரும் விளக்கம் ஒன்றுதான். அந்த விளக்கம் இங்கே எப்படி இருக்கிறது?

முதலில் ‘விளைவாக’ என்ற சொல். மழையின் விளைவாக வெள்ளம் வந்தது என்பது போல, சர்வர் மாற்றத்தின் விளைவாகப் பாட்டுகள் போயின என்கிறார்கள். மழை தானாகப் பெய்வது. சர்வர் தானாக மாறுவதில்லை. யாரோ திட்டம் போட்டு, யாரோ கட்டளை கொடுத்து, யாரோ பழையதை நிறுத்தினார்கள். அடுத்தது ‘போகலாம்’. இது அதைவிட மோசம். எத்தனை இருந்தன, எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணியவர்கள், இன்னின்னவை போயின என்றே சொல்வார்கள். எண்ணாதவர்களுக்குத்தான் ‘லாம்’ தேவைப்படுகிறது. ‘அசௌகரியம்’ பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் சொல்லும் சொல் அது.

எண்ணுவது அவ்வளவு கடினமா? இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம்.

ஒரு கோப்பைப் பிரதியெடுக்கும்போது, வழியில் இணைப்பு அறுந்தால் பாதிக் கோப்பு மட்டும் வந்து சேரலாம். தட்டு பழுதாகியிருந்தால் சில பகுதிகள் கெட்டுவிடலாம். பெயர் அதே பெயர்தான். திறந்து பார்த்தால்தான் குறை தெரியும். 5 கோடிப் பாட்டுகளை மனிதர் உட்கார்ந்து கேட்க முடியாது. அதற்காகவே ‘கைரேகை எண்’ என்று நாம் அழைக்கக்கூடிய ஓர் உத்தி இருக்கிறது. எஸ்.எச்.ஏ-256 என்பது அத்தகைய கணக்கு முறைகளில் ஒன்று. எவ்வளவு பெரிய கோப்பையும் அதற்குள் செலுத்தினால், 64 குறிகள் கொண்ட ஒரு வரி வெளிவரும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரி முழுவதும் வேறாகிவிடும். பழைய சர்வரில் ஒரு முறை, புதிய சர்வரில் ஒரு முறை கைரேகை எடுத்து, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் போதும். எது வரவில்லை, எது கெட்டது என்று பெயர் பெயராகத் தெரிந்துவிடும்.

5 கோடிக் கோப்புகளுக்கு இந்தக் கைரேகைகள் எவ்வளவு இடம் பிடிக்கும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். 5 கோடி × 64 = 320 கோடிக் குறிகள், அதாவது 3.2 ஜிகாபைட். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ஒரு பென் டிரைவுக்குள் அடங்கும். பழைய பாட்டுகளையே தொடாமல் வைத்திருப்பதும் மலையைக் கட்டி இழுப்பதல்ல. ஒரு பாட்டுக்குத் தாராளமாக 5 மெகாபைட் என்று வைத்தாலும் மொத்தம் 250 டெராபைட். 10 டெராபைட் கொள்ளும் ஹார்ட் டிஸ்க்குகள் 2019-க்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன. அவற்றில் 25 போதும். ஒரு பீரோவின் தட்டில் அடுக்கிவிடலாம்! இது உண்மையில் விபத்துதானா, செலவை மிச்சப்படுத்தப் போட்ட கணக்கா என்று அப்போதே சிலர் பகிரங்கமாகச் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் சரியா, தவறா என்பது இருக்கட்டும். அதைப் போக்கும்படி அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் போதாது. தமிழில் எழுதும் நமக்கு இது நன்றாகப் புரியும். யுனிகோடு முறையில் ‘அ’ என்ற எழுத்தைச் சேமிக்கும்போது பெரும்பாலும் 224, 174, 133 என்ற மூன்று எண்களாக அது வைக்கப்படுகிறது. புதிய சர்வர் இதைப் பழைய ஐரோப்பிய எழுத்து முறை என்று தவறாக எடுத்துக்கொண்டால், 224 என்பது தலையில் சாய்கோடு ஏந்திய ஓர் ஆங்கில எழுத்தாகவும், 174 என்பது பதிவுபெற்ற வணிக முத்திரைக் குறியாகவும் தெரியும். தமிழ்க் கட்டுரை முழுவதும் வணிக முத்திரைகளாகக் காட்சி தரும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. ஆயிரம் கட்டுரைகள் புறப்பட்டு ஆயிரமும் வந்து சேர்ந்திருக்கும், படிக்கத்தான் முடியாது. இந்த நிலையில் ஒன்றும் தொலைந்துவிடவில்லை, திருத்திவிடலாம். ஆனால் யாராவது அதைச் சரிசெய்வதாக நினைத்து மீண்டும் சேமித்தாலோ, பழையதை அழித்தாலோ, சிக்கல் பெரிதாகிவிடும்.

இனி, இதற்கு நேர்மாறான விளக்கம் ஒன்றைப் பாருங்கள். மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 இரவு, முதன்மைச் சர்வரில் உள்ளதைத் துணைச் சர்வரில் படியெடுக்கும் வேலை தடைபட்டது. துணைச் சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்று எண்ணிய பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். 300 ஜிகாபைட்டில் நாலரை ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது.

காப்புப் பிரதி இருக்குமே என்று தேடினார்கள். அன்றாடம் பிரதியெடுக்க வேண்டிய நிரல், பதிப்பு பொருந்தாததால் ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமல் திருப்பி விடப்பட்டன. பிரதிகள் குவிந்திருக்க வேண்டிய கிடங்கு காலியாகக் கிடந்தது! இவையனைத்தையும் அந்த நிறுவனமே எழுதி வெளியிட்டது. மீட்கும் வேலையை நேரடியாக ஒளிபரப்பவும் செய்தது. போனவை எவை என்றும் சொன்னது: சுமார் ஆறரை மணி நேரத்துப் பதிவுகள், ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 குறிப்புகள், 700 புதிய பயனாளர்கள். ‘லாம்’ எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்த நேர்மையைப் புகழ்ந்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கிட்லேபைக் காப்பாற்றியது அதன் ஏற்பாடு அல்ல. வேறொரு சோதனை வேலைக்காக ஒரு பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவர் அன்று அதை எடுக்காமல் இருந்திருந்தால், இழப்பு இன்னும் பல மணி நேரத்துக்குப் பின்னோக்கிப் போயிருக்கும். பிரதி எடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது வேறு, எடுத்த பிரதியிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பார்ப்பது வேறு.

தகவல் பத்திரமாக வந்து சேர்ந்தும் நிறுவனம் தடுமாறியதுண்டு. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வார இறுதியில், ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு ஒரே மூச்சில் மாற்றியது. கணக்குகள் வந்தன. கதவுதான் திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் விதித்தன. வங்கி என்பதால் கேட்க ஆள் இருந்தது. பாட்டுக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

மைஸ்பேஸ் பாட்டுகளில் ஒரு பகுதி பிறகு கிடைத்தது. 2008-க்கும் 2010-க்கும் இடையில், இசைக் கலைஞர்களின் தொடர்புகளை ஆராய்ந்த கல்வித்துறைக் குழு ஒன்று, தன் ஆய்வுக்காகச் சுமார் 4,90,000 பாட்டுகளைப் பிரதியெடுத்து வைத்திருந்தது. மொத்தமே 1.3 டெராபைட். செய்தியைக் கேள்விப்பட்டதும், பெயரை வெளியிடாமல், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள இணைய ஆவணக் காப்பகத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். 2019 ஏப்ரல் முதல் அவற்றை அங்கே எவரும் கேட்கலாம் என்றாயிற்று. போனவற்றில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 2010-க்குப் பிறகு ஏற்றப்பட்ட பாட்டு எதுவும் அதில் இருக்க வழியில்லை.