முற்றம் கட்டிய நண்பர்

'அபராஜிதோ' (1956) படத்தில் வரும் காசி வீட்டு முற்றம் அசல் வீடுதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அது கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட்! மேலே வெள்ளைத் துணி கட்டி, ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப விட்டார். முற்றத்தை அமைத்தவர் பன்சி சந்திரகுப்தா.

1924இல் சியால்கோட்டில் பிறந்த காஷ்மீரி அவர். 1947இல் சத்யஜித் ராயோடு சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர். ழான் ரெனுவார் 'தி ரிவர்' எடுக்க வங்கம் வந்தபோது, யூஜின் லூரியேவுக்கு உதவியாளராக இருந்து கலை இயக்கம் கற்றார்.

ராய் தாமே ஓவியர். நினைத்ததை வரைந்தே காட்டிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பவர் வெறும் கையாளாகிவிடுவது சுலபம். பன்சி ஆகவில்லை. 'சாருலதா'வின் (1964) அறைகளில் ராயின் கோடு எது, பன்சியின் கை எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இங்கே யார் குரு, யார் சீடன்? நல்ல நட்பில் அந்தக் கணக்கு நிற்காது.

1981இல் பன்சி மறைந்தார். ராய் பேர் சட்டுனு வாயில வருது. பன்சி பேர் வர்றதில்லை. வங்காளி வீட்டை வங்காளிகளே நம்பும்படி கட்டியவர் ஒரு வெளியூர்க்காரர். வெளியூரில் குடியிருக்கும் நமக்கு இது சின்ன விஷயமா, சொல்லுங்க?