நிலாவில் நம்மாளு யார்?

போன கோடையில் எங்கள் பகுதி இரவுப் பள்ளியில் ஒரு படம் காட்டினோம். ஜார்ஜ் மெலியேயின் 'நிலாப் பயணம்' (1902). ஏறத்தாழ கால் மணி நேரம் ஓடும் ஊமைப் படம். பக்கத்தில் நின்று கதை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் காலத்து அரங்குகளிலும் இப்படி ஒரு கதைசொல்லி நின்று விளக்குவது வழக்கம்தான். மந்திரவாதித் தொப்பி மாட்டிய வானியல் அறிஞர்கள் ஆறு பேர் பீரங்கிக் குண்டுக்குள் ஏறிப் போகிறார்கள். குண்டு நிலாவின் கண்ணில் போய்க் குத்துகிறது. குகைக்குள் இறங்கினால் ஆளுயரக் காளான்கள். பூச்சியும் மனுஷனும் கலந்த மாதிரி ஒரு நிலாவாசி குதித்துக் குதித்து வருகிறான். குடையால் ஒரு போடு. ஆள் புகையாகிப் போகிறான். 'பாருங்க, நம்மாளு ஒரே அடி!' என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. 'நம்மாளு' என்று யாரைச் சொன்னேன்? குடை வைத்திருந்தவனை. காலனியம், மற்றமை, விளிம்பு என்று பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறவன் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

மெலியே ஏகாதிபத்தியத்தின் ஊதுகுழல் அல்ல. 1889-90இல் ஜெனரல் பூலாஞ்சேயைக் கிண்டலடித்துக் கேலிச்சித்திரங்கள் போட்டவர். இந்தப் படத்திலும் அறிஞர் சபை ஒரு கோமாளிக் கூட்டம். மறுத்துப் பேசியவன்மீது தலைவர் காகிதங்களை விட்டெறிகிறார். அந்தத் தலைவராக நடித்திருப்பவரும் மெலியேதான். கடைசியில் ஊர்வலம், பதக்கம், பிடித்துவந்த நிலாவாசியை ஆடவைக்கும் வேடிக்கை. நிலாவின் தலைமேல் கால் வைத்த தலைவருக்குச் சிலை வேறு. பீடத்தில் 'உழைப்பு எல்லாவற்றையும் வெல்லும்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் வைத்து இப்படம் காலனியப் பகடி என்று வாசித்தவர்கள் உண்டு. அந்த வாசிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால், கேலி ஒருவன்மீது, அடி இன்னொருவன்மீது என்றிருக்கிறதே, அதை என்ன செய்வது? கேலிக்கு ஆளானவன் பதக்கம் வாங்குகிறான். அடிபட்டவன் ஆடுகிறான்.

அந்த அடி எப்படிச் சிரிப்பாகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. காமிராவை நிறுத்தி, நடிகனை விலக்கி, அந்த இடத்தில் புகையைக் கிளப்பி, மறுபடி ஓட்டுவது மெலியேயின் பேர்பெற்ற வித்தை. ரத்தம் இல்லை, உடல் இல்லை. பிணம் இல்லாத கொலை. சிரிப்பதற்குத் தடையாக இருக்கக்கூடிய ஒரே பொருளைத் தொழில்நுட்பமே அப்புறப்படுத்திவிடுகிறது. பாரிஸின் அக்ளிமத்தாசியோன் பூங்காவில் 1877 முதல் ஆப்பிரிக்காவிலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் மனிதர்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பார்வையாளனுக்கு ஆடும் நிலாவாசி ஒன்றும் புதிதல்ல.

நம்ம கூத்தில் கட்டியங்காரன் ராஜாவை நக்கலடிக்கிறான். ஆனால் அவன் நம் பக்கத்தில் நின்று, நாம் பேசுகிற பேச்சில் அடிக்கிறான். திருவிழாச் சிரிப்பு சிரிப்பவனையும் விட்டுவைக்காது என்பார் பக்தின். மெலியேயின் நிலாவாசிக்கோ கட்டியங்காரன் கிடையாது, பேச்சும் கிடையாது. அப்படியென்றால் பேசவேண்டியவன் பக்கத்தில் நிற்கிற கதைசொல்லி. அன்றைக்கு அது நான்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் அதே படத்தைப் போட்டோம். இந்த முறை இப்படிச் சொன்னேன்: 'நம்ம ஊர்ல ஒரு குண்டு வந்து விழுந்திருக்கு. ஆறு பேரு இறங்குறாங்க. யாரையும் கேக்கல, இருந்த எடத்திலயே போர்வைய விரிச்சுத் தூங்குறாங்க.' படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. முதல் அடிக்குச் சின்னப் பசங்க சிரித்தார்கள். ராஜாவைத் தூக்கித் தரையில் போட்டபோது சிரிப்பு குறைந்திருந்தது. சிலை வந்ததும் பின்வரிசையில் ஒருத்தர், 'கால எங்க வெச்சிருக்கான் பாரு' என்றார். அப்போது எழுந்த சிரிப்பு வேறு சிரிப்பு. இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல வரவில்லை. புகை வித்தை மறுபடியும் பாதிப் பேரை ஜெயித்துவிட்டது. ஆனாலும் பகடி பிரதிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிற சரக்கு அல்ல, யார் வாயால் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அது திசை மாறுகிறது என்பதைக் கண்ணால் கண்டேன்.

அறுபது வருஷம் கழித்து வந்த ஒரு நிலாச் சிரிப்புப் படத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். ரிச்சர்ட் லெஸ்டரின் 'தி மவுஸ் ஆன் தி மூன்' (1963). கிராண்ட் ஃபென்விக் என்றொரு கற்பனைக் குட்டி நாடு. அரண்மனைக் குழாயில் வெந்நீர் வரவேண்டும் என்பது பிரதமரின் ஆசை. அதற்காக ராக்கெட் ஆராய்ச்சி என்று சொல்லி அமெரிக்காவிடம் கடன் கேட்கிறார்; அது தாராளமாகப் பணம் தருகிறது. விடுவானா ரஷ்யாக்காரன், பழைய ராக்கெட் ஒன்றைக் கொடுக்கிறான். ஊர் ஒயினே எரிபொருளாகி, இரண்டு வல்லரசுகளுக்கும் முன்னால் இந்தக் குட்டி நாடு நிலாவில் இறங்கிவிடுகிறது. பனிப்போர் மீதான நல்ல எள்ளல் இது. இங்கே சின்னவன் பேசுகிறான், ஜெயிக்கிறான், நாமும் கூச்சமில்லாமல் 'நம்மாளு' என்கிறோம். எப்படி முடிகிறது? இந்த நிலாவில் யாருமே இல்லை. மெலியே அடித்தாவது காட்டிய குடிகளை லெஸ்டரின் நிலா காலிசெய்துவிட்டது. நம் வருவாய்த்துறை பாஷையில் சொன்னால், நிலா இப்போது புறம்போக்கு. யார் முதலில் போவது என்பது மட்டும்தான் கேள்வி.

புறம்போக்கு என்று எழுதப்பட்ட இடங்களில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அதே 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. சொந்த ராக்கெட் அல்ல. அமெரிக்கா தந்த நைக்கி-அப்பாச்சி. லெஸ்டர் படத்தின் ஒரு காட்சி போலத்தான் இருக்கிறது. ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போகிற தும்பாப் புகைப்படத்தைப் பார்த்து இன்றும் புன்னகைக்கிறோம். ஏழை நாடு, பெரிய கனவு, நம்மாளு. அந்த இடத்துக்காகத் தங்கள் மாதாகோயிலையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்து நகர்ந்த மீனவக் குடும்பங்கள் அந்தச் சட்டகத்தில் இல்லை. அவர்கள் கதை 'தியாகம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவைக்கப்படுகிறது. அந்தச் சொல்லை அவர்கள்தான் சொன்னார்களா?

ராக்கெட் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சைக்கிளைப் பார்த்து வருகிற புன்னகையும் பொய்யல்ல. அந்தப் புன்னகைக்குள் நான் முதல்நாள் சொன்ன 'நம்மாளு' உட்கார்ந்திருக்கிறான் என்கிறேன், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. புறம்போக்குக்குப் பட்டா எழுதுகிற வேலை ஆரம்பமாகிவிட்ட காலத்தில், சிரிப்புப் படம் காட்டுகிற தோழர்கள் ஒன்று செய்யலாம். ஒருமுறை கதையைக் குண்டு விழுந்த பக்கத்திலிருந்து சொல்லிப்பாருங்கள். எந்த இடத்தில் கூட்டம் சிரிப்பை நிறுத்துகிறது என்று குறித்துவையுங்கள். நாம் எழுதவேண்டிய விமர்சனம் அங்கே தொடங்குகிறது.