சாமியும் வேண்டாம், சாவும் வேண்டாம்

2009இல் 'நான் கடவுள்' வந்தபோது பெரியம்மா மகன் அண்ணனோடு பாளையங்கோட்டையில் ஒரு தியேட்டருக்குப் போனேன். அண்ணனுக்கு இளம்பிள்ளைவாதத்தில் ரெண்டு காலும் சூம்பிப்போச்சு. தியேட்டர் படிகளில் கையை ஊன்றித்தான் ஏறினார். படம் விட்டு டீ குடிக்கையில் சொன்னார்: "நம்மள மாதிரி ஆளுவளப் படத்துல போட்டிருக்காவன்னு ஆசையா வந்தேன். கடைசில கொல்லுததுக்குல்லா போட்டிருக்காவ."

அந்தப் படத்தைப் பற்றி அப்புறம் எத்தனையோ விமர்சனம் படித்துவிட்டேன். இந்த ஒத்தை வரியைத் தாண்டவில்லை.

பாலா உண்மையிலேயே ஊனமுற்றவர்களை நடிக்கவைத்தார். யதார்த்தம் என்று கொண்டாடினோம். தேசிய விருதும் கிடைத்தது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலிலிருந்து எடுத்த படம், வசனமும் அவரே. பிச்சைக்காரர்கள் தங்களுக்குள் கிண்டலடிக்கும் இடங்கள் உயிரோடிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கதையின் மையத்தில் நிற்கும் கண்ணில்லாத அம்சவல்லியாக நடித்தவர் பார்வையுள்ள பூஜா. மற்ற உடல்கள் எல்லாம் சுற்றிலும் பின்னணி. அவள் சாவைக் கேட்கிறாள், காசியிலிருந்து வந்த அகோரி கொடுக்கிறான், அதற்குப் பேர் விடுதலை. தலித்தின் வலியைத் தலித்துதான் எழுத முடியும் என்று தொண்ணூறுகளில் நம் முன்னோடிகள் சண்டை போட்டார்களே, அந்தக் கேள்வியை இங்கே ஏன் கேட்கவில்லை? திரையில் உடல் இருந்தால் போதுமா? கதையை முடிக்கிற அதிகாரம் யார் கையில்?

கொல்லாவிட்டால் சாமியாக்குவார்கள். நமக்கு 'ஹரிஜன்' என்று பேர் வைத்தது மாதிரி, 2015இல் பிரதமர் இவர்களுக்கு 'திவ்யாங்' என்று பேர் வைத்தார். தெய்வீக உடலாம். 2011இல் ஏ. எல். விஜய் எடுத்த படத்துக்கு முதலில் வைத்த பேர் 'தெய்வத் திருமகன்'. விக்ரம் மனவளர்ச்சி குன்றிய தகப்பனாக வருவார். அது முத்துராமலிங்கத் தேவரின் பட்டம், இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு வைக்கக்கூடாது என்று தேவர் அமைப்புகள் எதிர்த்தன. படம் 'தெய்வத்திருமகள்' ஆச்சு. தெய்வம் என்று வாயால் சொல்வதற்கும் உள்ளே நினைப்பதற்கும் இருக்கிற தூரத்தை இதைவிட யார் அளந்து காட்டியிருக்கிறார்கள்?

சாதிக்காரனைச் சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. '16 வயதினிலே' (1977) படத்தில் மயில், உன்னைச் சப்பாணின்னு கூப்பிடுறவனை அறைஞ்சிடு என்கிறாள், அவனும் அறைகிறான். அவன் பேர் கோபாலகிருஷ்ணன். படம் பார்த்த நாம் இன்னைக்கும் அவனைச் சப்பாணின்னுதான் சொல்கிறோம். எங்க தெருவில் அண்ணனுக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. சாதிப்பேர் சொன்னால் வழக்குப் போடத் தெரிந்த எங்க ஆட்கள்தான் அதைச் சொல்கிறார்கள். சின்ன வயசில் நானும் சொல்லியிருக்கிறேன்.

'ஆங்க் மிச்சோலி' இந்திப் படத்தை எதிர்த்து நிபுன் மல்ஹோத்ரா போட்ட வழக்கில் 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ஊனப்படுத்தும் சிரிப்பு வேறு, ஊனத்தைப் பற்றிய சிரிப்பு வேறு. சரியான கோடு. அண்ணன் இருக்கும் டீக்கடையில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. "எனக்குச் செருப்புச் செலவே கெடையாதுடே" என்று அவரே ஆரம்பித்துவைப்பார். அந்தச் சிரிப்பைத் தமிழ் சினிமாக் காமெடி இன்னும் கேட்டதில்லை. அதற்குத் தெரிந்தது திக்குவாயையும் மாறுகண்ணையும் பார்த்துச் சிரிப்பதுதான்.

நம்ம பக்கத்துப் படம் ஒன்றையும் சொல்லணும். மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021). 1995இல் போலீஸ் புகுந்து நாசமாக்கிய கொடியன்குளத்தின் நினைவு அதில் இருக்கிறது. தொடக்கத்தில் வலிப்பு வந்த சிறுமி நடுரோட்டில் துடிக்க, வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன. அவளைக் கொன்றது வலிப்பு இல்லை, நிற்காத வண்டி. ஊனம் உடம்பில் மட்டும் இல்லை, ஊரில் இருக்கிறது என்று காட்டிய காட்சி. தமிழில் வேறு யார் இவ்வளவு துல்லியமாகக் காட்டினார்கள்? ஆனாலும் அவள் செத்து, முகமூடி போட்டுக் காட்டுப்பேச்சியாகத்தான் திரும்புகிறாள். மறுபடியும் சாவு, மறுபடியும் சாமி. நம்மவர் எடுத்த படத்திலும் வலிப்போடு பள்ளிக்கூடம் போய், தம்பியோடு சண்டை போட்டு வளர ஒரு பிள்ளைக்கு இடமில்லை.

அண்ணனை அந்தப் படத்துக்குத் தியேட்டருக்குக் கூட்டிப்போகவில்லை. அதே படிகள்தான். செல்போனில் பார்த்தார். பஸ்ஸை உடைக்கிற காட்சியில் நான் கண் கலங்கிக் கிடந்தேன். அவர் நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் பின்னாடி ஓட்டச் சொன்னார்.

"ஏட்டி, பஸ்ஸு நின்னா மட்டும் நான் ஏறிருவனா? படி எம்புட்டு ஒயரம்னு பாத்தியா?"