ஒளிக்கருவி விளம்பரங்களின் சொல்லாட்சி

வீட்டிலேயே உடல்முடியைக் களையும் ஒளிக்கருவிகள் இன்று சிங்கப்பூர், மலேசியக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் விற்கப்படுகின்றன. தீபாவளி, திருமணம் என்றால் நம் பெண்களும் அவற்றை நாடுகின்றனர். கருவியை மருத்துவர் ஆராயட்டும். அதனை விற்கும் சொற்களை ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் உரிய பணியே.

முதற்கண் ‘லேசர்’ என்னும் சொல். தமிழில் இதனைச் சீரொளி என்பர். ஒரே அலைநீளமுடைய ஒளியலைகள் ஒத்த நடையிற் செல்வதால் அப்பெயர் பொருந்தும். தியோடர் மைமன் 1960இல் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். வீட்டுக் கருவிகளுள் மெய்யான லேசரும் உண்டு. ஆயின் கடையில் நாம் காண்பவற்றுட் பல ‘ஐபிஎல்’ எனப்படுபவை. அவை பல அலைநீளங்கள் கலந்த கடும் ஒளியை விளக்கிலிருந்து விட்டுவிட்டு வீசுவன. இரண்டையும் லேசர் என்றே அழைப்பது, மூங்கிலையும் கரும்பையும் ஒரே பெயரால் அழைப்பது போன்றதாம்.

அடுத்து ‘நிரந்தரம்’. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ‘நிரந்தர முடிக்குறைப்பு’ என்னும் தொடரை ஏற்கிறது. மீண்டும் முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை நெடுநாள் குறைந்து நிற்பதே அதன் பொருள். முடி முற்றும் ஒழிவதன்று. விளம்பரக்காரர் அடைமொழியை வைத்துக்கொண்டு பெயர்ச்சொல்லை மாற்றிவிடுகின்றனர். குறைப்பு என்பது நீக்கம் ஆகிவிடுகிறது!

இவை சிறு குற்றங்கள். ‘எல்லா வகைத் தோலுக்கும்’ என்னும் தொடரே நம்மைச் சுடுவது.

இக்கருவி இயங்கும் முறையைச் சிறிது காண்போம். கருமை ஒளியை உண்ணும். உண்ட ஒளி வெப்பமாகும். அவ்வெப்பம் குறித்த இலக்கை மட்டும் தாக்குமாறு ஒளியின் அலைநீளத்தையும் துடிப்பின் கால அளவையும் தேர்ந்துகொள்ளலாம் என்று ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர் 1983இல் விளக்கினர். முடியிலுள்ள மெலனின் என்னும் நிறமியே இங்கு இலக்கு. நரைமுடியில் இக்கருவி பயன்படாமைக்குக் காரணம் அதுவே. ஆயின் அதே நிறமி தோலிலும் உண்டன்றோ? வெளிறிய தோலில் கருமுடி இருப்பின் ஒளி முடியை நாடும். கருந்தோலிலோ மேற்பரப்பே ஒளியை உண்டுவிடும். கொப்புளமும், கருத்த அல்லது வெளுத்த தழும்பும் நேரக்கூடும். மருத்துவ நிலையங்களில் இத்தகைய தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசரைத் தேர்வர். வீட்டு ஐபிஎல் கருவி அதற்கு ஈடாகாது.

இதனைத் தயாரிப்பாளர் அறிவர். பெட்டியினுள் இருக்கும் தாளில் வெளிறியது முதல் மிகக் கரியது வரை வண்ணக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடைசிக் கட்டத்தின்மேல் விலக்குக் குறி இருக்கும். இத்தகைய கட்டங்களுக்கு மூலம், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த தோல்வகைப் பாகுபாடு. சோரியாசிஸ் நோயாளிக்கு எவ்வளவு புறஊதாக் கதிர் செலுத்தலாம் என்று கணிக்கவே அவர் அதனை வகுத்தார். அவர் முதலில் எண்ணியது வெள்ளைத் தோலை மட்டுமே. பழுப்பும் கருமையும் பின்னர்ச் சேர்ந்தவை. மாமை என்று தலைவியின் மேனியைப் போற்றிய மொழிக்கு உரிய நாம், அந்தப் பட்டியலில் பிந்தி வந்தவர்கள்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இத்தகைய கருவியொன்றை வாங்கினார். காலில் வைத்து அழுத்தினால் ஒளி வரவில்லை. பழுதென்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் சென்றார். பழுதன்று, தோலின் நிறத்தை அறியும் உணரி அவர் நிறத்தைக் கண்டு கருவியை நிறுத்திவிட்டது. அவருடைய தோலை அது காத்தது, பணம் திரும்பவில்லை. உணரியில்லாத மலிவுக் கருவியாயின் பணத்தோடு தோலும் போயிருக்கும். பெட்டியின் முகப்பிலோ ‘எல்லா’ என்றே இருந்தது.

அப்பெட்டியையும் தாளையும் அவரிடம் கேட்டு வாங்கி, கருத்தறிதல் பயிற்சிக்காக என் வகுப்பில் வைத்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை காணுமாறு சொன்னேன். மாணவர் பலர் சந்திப்பிழை தேடினர். ஒருத்தி மட்டும் கடைசிக் கட்டத்தின் அருகே தன் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ‘எல்லா’ என்பதை அடித்து, ‘சில’ என்று எழுதினாள்.